நாளைக்கு ஆபரேஷன்

பரவை
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சுபலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் போன் நம்பர் தெரியும். போன வாரம் உங்கள் பேஸ்புக் பக்கத்தில் அந்த நம்பரைப் போட்டு, "இது மோசடிக் கும்பல், யாரும் நம்பி ஏமாற வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த நம்பருக்கு உரியவன் நான்தான். பெயர் ராயப்பன். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். உங்கள் பக்கத்தில் எழுமலை உரக்கடையின் முகவரி இருந்ததால் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஜாய்ஸுக்கு நாலு வயதில் இருதய ஆபரேஷன் நடந்தது. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார்கள். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அந்த குரூப் கிடையாது. "நாலு வயதுக் குழந்தைக்கு நாளைக்கு ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த போட்டோவையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் என் நம்பரையும் போட்டு நான்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முன்பின் தெரியாத நாலு பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள். இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

அந்தச் செய்தியில் நான் தேதி போடவில்லை. பதறிக்கொண்டு இருக்கிறவன் தேதி போட நினைக்கமாட்டான். அதனால் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது; எட்டு வருஷமாக என் பிள்ளைக்கு நாளைக்கு ஆபரேஷன்.

அது ஒரு வேதனை. அதற்குப் பழகிவிட்டோம். நீங்கள் எழுதியது வேறு. அதை யாரோ போட்டோ பிடித்து, அது சுற்றிச் சுற்றி எங்கள் பள்ளிக்கூடப் பெற்றோர்களின் குரூப்புக்கே வந்துவிட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார், "இது உங்க நம்பர்தானே, என்ன விஷயம்?" என்று. இத்தனை வருஷ வேலையில் ஒரு மெமோ வாங்காதவன், திருடன்போல நின்று பதில் சொன்னேன். ஜாய்ஸிடம் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, "உன்னயக் காட்டித்தான் உங்க அப்பா ஊரை ஏமாத்துறாராமே" என்று கேட்டிருக்கிறாள். அன்று அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது விசாரித்தீர்களா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஆ. ராயப்பன்


எழுமலை
16 ஜூன் 2025

ஐயா அவர்களுக்கு,

சுபலட்சுமி எழுதுறது. உங்க கடிதம் கடைக்கு வந்துச்சு. ஆள் நிக்கிற நேரத்துல பிரிச்சுப் படிச்சிட்டு, யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷை எடுத்து வச்சேன். எங்க வீட்டுக்காரரு அசோக்குமார் என்ன ஏதுன்னு கேட்டாரு. கடிதத்தைக் கையில குடுத்துட்டேன்.

விசாரிச்சேன்யா. உங்க நம்பருக்கு நாலஞ்சு தடவை போட்டேன், யாரும் எடுக்கல. மெசேஜ்ல இருந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அப்படி ஒரு குழந்தை இங்க இல்லைன்னாங்க. எனக்கு வந்த மெசேஜ்ல யாரோ கீழே ஒரு பேங்க் கணக்கு நம்பரையும் சேர்த்துவிட்டிருந்தாங்க. அது உங்க கணக்கு இல்லைன்னு இப்பப் புரியுது. அன்னைக்கு அதையெல்லாம் சேர்த்து வச்சுப் பாத்து மோசடின்னு எழுதிட்டேன்.

இதைச் சொல்லி, என் பக்கம் என்ன தப்புன்னு கேட்டுத்தான் முதல்ல எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு தாளு எழுதிக் கிழிச்சுப் போட்டேன். அந்தக் குழந்தை இப்ப அங்க இல்லைங்கிறது எனக்குத் தெரியும். மெசேஜ் பழசுங்கிறதும் தெரியும். நீங்க யாருன்னு தெரியாது. பழசுன்னு எழுதியிருந்தாப் போதும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். இதே காரியத்தைச் செய்றாங்கன்னுதான் நான் மத்தவங்ககிட்டச் சண்டைக்குப் போறேன்.

எழுதுனதை எடுத்துட்டேன். "நான் எழுதியது தப்பு" ன்னு என் பேரைப் போட்டு வேற எழுதியிருக்கேன். ஆனா போட்டோவாப் போனதை எடுக்க முடியாதுல்ல. அது எங்கெங்க போயிருக்கோ அங்கெல்லாம் பின்னாலயே போறேன். அதுக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குழந்தை நல்லா இருக்குன்னு நான் சொல்லலாமா? பேரு சொல்ல மாட்டேன். நீங்க வேண்டாம்னா சொல்லல.

உங்க பிள்ளை இப்ப சாப்பிடுதா?

இப்படிக்கு,
சுபலட்சுமி

என் நம்பரை உறை மேல எழுதியிருக்கேன். திட்டணும்னாலும் கூப்பிடுங்க.


பரவை
27 ஜூன் 2025

திருமதி சுபலட்சுமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் மனைவி பாக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன். "எழுதுறவங்க எழுதிருவாங்க, நமக்குத்தான் அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"குழந்தை நலமாக இருக்கிறாள்" என்று எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம், பள்ளிக்கூடம் எது என்பதும் வேண்டாம்.

நீங்கள் கூப்பிட்டதை நான் எடுக்காதது உண்மையாகத்தான் இருக்கும். தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை. முதல் ரெண்டு வருஷம் எல்லா அழைப்பையும் எடுத்தேன். "பிள்ளை பிழைத்துவிட்டாள், விசாரித்ததற்கு நன்றி" என்பேன். சிலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர், "அப்புறம் எதுக்கு இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்கீங்க" என்று கோபித்தார்கள். அனுப்புவது நான் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். சாப்பாட்டில் கை வைக்கும்போது வரும். பூசையில் முழங்காலிட்டிருக்கும்போது வரும். மாமியாரின் அடக்கத்தில் நிற்கும்போது ஒருவர் கூப்பிட்டு, "பிள்ளை இருக்கா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க" என்றார். அத்தோடு எடுப்பதை விட்டுவிட்டேன். மெசேஜ்களையும் திறப்பதில்லை.

நம்பரை மாற்றிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லாதவர்கள் இல்லை. அன்று ரத்தம் கொடுத்த நாலு பேரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் கையைப் பிடித்து, உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு எப்படி மாற்றுவது? எடுக்காமல் வைத்திருந்து என்ன பிரயோசனம் என்று பாக்கியம் கேட்கிறாள்.

ஜாய்ஸ் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் முன்போல உற்சாகமாகக் கிளம்புவதில்லை.

ஆ. ராயப்பன்


எழுமலை
20 ஜூலை 2025

அன்புள்ள ராயப்பன் அண்ணனுக்கு,

அண்ணன்னு எழுதிட்டேன். பிடிக்கலைன்னா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.

ஒரு மாசமா இதே வேலையாத்தான் இருக்கேன். யாரு எனக்கு அனுப்புனாங்களோ அவங்களைக் கேட்டு, அவங்களுக்கு யாரு அனுப்புனாங்கன்னு கேட்டு, அப்படியே பிடிச்சுப் போறேன். உசிலம்பட்டி, பேரையூர், தேனிப் பக்கம் வரைக்கும் போயிருக்கு. முதல்ல குரூப்புலயே எல்லாருக்கும் முன்னாடி, இது தப்பு, இதை எடுங்கன்னு போட்டேன். ஒருத்தரும் எடுக்கல. எதுத்துப் பேசுனாங்க. வேலையத்த பொம்பளைன்னாங்க. அப்புறம் தனித்தனியா எழுத ஆரம்பிச்சேன். "நானும் உங்கள மாதிரித்தான் தப்பா நம்பிட்டேன், விசாரிச்சா விஷயம் இப்படி இருக்கு, பிள்ளை நல்லா இருக்கு" ன்னு எழுதுனா, பாதிப் பேரு அவங்களே எடுத்துர்றாங்க. நாலு பேருக்கு முன்னால தலை குனியணும்னாத்தான் மனுசனுக்கு வராது போல.

எங்க ஊர்ல பாதிப் பேரு இருக்குற குரூப்பு ஒண்ணு உண்டு. அதை நடத்துறது விருமாண்டி அண்ணன், என் நாத்தனா வீட்டுக்காரரு. "ரத்த மோசடிப் பேர்வழி" ன்னு அவரா ஒரு வரி சேர்த்து உங்க நம்பரைப் போட்டு வச்சிருந்தாரு. தப்புன்னு எழுதுனேன். என்னைய குரூப்பை விட்டே தூக்கிட்டாரு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை. "நாம உரம் விக்கிறமா, ஊருக்கு நாட்டாமை பாக்குறமா" ன்னு கேட்டாரு. அவரு சொல்றதும் சரிதான். ரெண்டு மூணு வீட்டுக்காரங்க இப்ப நம்ம கடையைத் தாண்டிப் போயி மருந்து வாங்குறாங்க.

மறுநாள் விருமாண்டி அண்ணன் வீட்டுக்கு நானே போனேன். நாத்தனா காப்பி குடுத்துட்டு உள்ள போயிருச்சு. அவரு டிவியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. திரும்பாமலே கேட்டாரு.

"நீ மோசடின்னு போட்ட. ஒன்னய நம்பித்தான் நான் போட்டேன். இப்ப நீயே இல்லங்குற. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திப் போடுறது?"

"என் மூஞ்சிய வச்சுப் போடுங்கண்ணே" ன்னேன். "சுபா தப்பாச் சொல்லிட்டா, அதை நம்பி நானும் போட்டுட்டேன்னு எழுதுங்க. உங்களுக்கு ஒண்ணும் குறையாது."

அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அங்கயே போனை எடுத்து, எழுத்துக் கூட்டி, நான் சொன்னதை அப்படியே போட்டாரு. என்னையத் திரும்பச் சேர்க்கல. அது கிடக்கட்டும். அவரு போட்டதும் அதைப் பாத்துட்டு அடுத்தடுத்த குரூப்புக்காரங்களும் போட ஆரம்பிச்சிட்டாங்க.

ஒண்ணு சொல்லணும்ணே. இதைத் தேடிப் போனதுல எத்தனையோ பேருகிட்டப் பேசிட்டேன். உங்க பிள்ளை மெசேஜை அனுப்புனவங்கள்ல கெட்டவங்கன்னு ஒருத்தரைக்கூட நான் பாக்கல. யாரோ பெத்த பிள்ளை, ஒரு விரலை அசைச்சாப் பிழைச்சிருமேன்னு அனுப்பியிருக்காங்க. அதனாலதான் அவங்ககிட்டப் போயி தப்புன்னு சொல்ல இம்புட்டுக் கஷ்டமா இருக்கு.

உங்க தங்கச்சி மாதிரி,
சுபலட்சுமி


பரவை
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

அண்ணன் என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடப் பிறந்தவள் யாரும் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை எங்கள் பெற்றோர் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "எழுமலை உரக்கடை சுபலட்சுமி எழுதுகிறேன். இந்த நம்பர்க்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. விசாரிக்காமல் எழுதிய தப்பு என்னுடையது. அந்தக் குழந்தை நலமாக இருக்கிறாள்." உங்கள் எழுத்துத்தான். அதைப் போட்டவர் தமிழ்வாணி என்ற ஒரு தாய், அவரை எனக்குத் தெரியாது. யாரும் கேட்காமல் அவராகவே போட்டிருக்கிறார். அதன் கீழே, மோசடி என்று முதலில் போட்டவரும் வருத்தம் தெரிவித்திருந்தார். தலைமையாசிரியர் என் மேஜைக்கு வந்து, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் எழுந்து நின்றேன். கை கொடுத்தார்.

என் வாழ்நாளில் தன் தப்பைத் தன் பெயரோடும் கடையின் பெயரோடும் இத்தனை இடத்தில் எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் சான்றிதழில் ஒரு இனிஷியல் மாறிவிட்டால்கூட, அது யார் செய்த தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பாக்கியம் இந்த முறை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி அவளே படித்தாள். விருமாண்டி விஷயத்தை ரெண்டு தடவை படித்தாள். "இந்தப் பிள்ளைக்கு என்ன தலையெழுத்து, இதுக்காகப் புருசன்கிட்டயும் நாத்தனா வீட்டுலயும் பேச்சு வாங்கணும்னு" என்று கேட்டாள். நானும் அதையேதான் கேட்கிறேன். இந்த வேலையை நீங்கள் தொடங்கியது எனக்காக அல்ல, நான் யார் என்றே அப்போது தெரியாது. இதற்கு முன்னாலும் எத்தனையோ செய்திகளை இப்படித் திருத்தி எழுதியிருப்பதாக உங்கள் பக்கத்தைப் பார்த்து ஜாய்ஸ் சொல்கிறாள். சம்பளம் இல்லை, நன்றி இல்லை, வசவுதான் மிச்சம். பிறகு ஏன்?

உங்கள் நம்பரை என் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராயப்பன்


எழுமலை
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஏன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. ஒரு மாசமாப் பதில் எழுத நினைச்சு நினைச்சு வச்சிட்டேன். அதுக்குள்ள மீனா விஷயம் வந்திருச்சு. போன்ல அவசரத்துல பேசுனோம், உங்களுக்கு முழுசாச் சொல்லல. இப்பச் சொல்றேன்.

மீனாங்கிறது மருது சம்சாரம். மருது வெங்காயம் போட்டிருக்கான், நம்ம கடையிலதான் விதை, மருந்தெல்லாம். அன்னைக்குக் காலையில அவளுக்குப் பிரசவம் ஆச்சு. பிள்ளை பொறந்ததுக்கு அப்புறம் ரத்தம் நிக்கல. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. அங்க போனதும் ஓ நெகட்டிவ் வேணும், கையில இருக்குறது பத்தாதுன்னு சொல்லியிருக்காங்க. மருது தம்பி ஊரு குரூப்புல போட்டிருக்கான். அவனும் தேதி போடல.

நான் லோடு இறக்கிக்கிட்டு இருந்தேன். போனைப் பாத்தப்ப முக்கா மணி நேரம் ஆயிருச்சு. விருமாண்டி அண்ணன் அதுக்கு முன்னாலயே என்னையத் திரும்பச் சேர்த்துட்டாரு, அது தனிக் கதை. பாத்தா, அந்தப் பையன் போட்டதுக்குக் கீழ வரிசையா எழுதியிருக்காங்க. பழைய மெசேஜ், அனுப்பாதீங்கன்னு ஒருத்தர். அந்த நாலு வயசுக் குழந்தை மெசேஜ் மாதிரி இதுவும்னு ஒருத்தர். உரக்கடை சுபா சொன்னதை மறந்துட்டீங்களான்னு ஒருத்தர். தேதி இல்லாத மெசேஜை நம்பாதீங்கன்னு நான் முன்னாடி எழுதுனதையே எடுத்துப் போட்டிருக்காங்க. லோடை அப்படியே விட்டுட்டேன்ணே. தப்பைத் தப்புன்னு சொல்லிச் சொல்லி, நெசத்தையும் நம்பாம ஆக்கி வச்சிருக்கேன்.

மருதுக்குப் போட்டேன். "அக்கா, நெசந்தான்க்கா" ன்னு மட்டும் சொன்னான். உடனே என் பேரு, தேதி, நேரம், ஆஸ்பத்திரி பேரு எல்லாம் போட்டு, இது உண்மை, நானே பேசிட்டேன், வாங்கன்னு எழுதுனேன். உடனே குரூப்பு மாறிருச்சு, அதைச் சொல்லணும். திட்டுனவங்களே அங்கயும் இங்கயும் அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஆனா எங்க ஊர்ல அந்த ரத்தம் பாண்டிராஜ் ஒருத்தனுக்குத்தான். அவன் போன மாசந்தான் குடுத்திருக்கான், இப்பக் குடுக்கக்கூடாதாம்.

அப்பத்தான் உங்க ஞாபகம் வந்துச்சு. ஓ நெகட்டிவ்காரங்க எல்லாரும் தேடித் தேடிக் கூப்பிடுற நம்பர் இந்தத் தமிழ்நாட்டுல ஒண்ணு இருக்குன்னா, அது உங்க நம்பர்தான. எடுப்பீங்கங்கிற நம்பிக்கை இல்லாமத்தான் போட்டேன். மூணாந்தடவை எடுத்தீங்க.

உங்ககிட்டப் பேசிட்டு, எங்க வீட்டுக்காரரு வண்டியில ரெண்டு பேரும் மதுரைக்குப் போனோம். அவரா வண்டியை எடுத்துட்டு, ஏறுன்னாரு. நாங்க போய்ச் சேரும்போது ரத்த வங்கி வாசல்ல ஒரு ஆளு நிக்கிறாரு, முழங்கால் வரைக்கும் சேறு. "ராயப்பன் சார் அனுப்புனாரு, எங்க குடுக்கணும்" ன்னு கேட்டாரு. அவருக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேரு. எப்படி அவங்களைப் பிடிச்சீங்க, எப்படி அம்புட்டுச் சீக்கிரம் வந்தாங்கன்னு நீங்க இன்னும் எனக்குச் சொல்லல.

மீனா பிழைச்சுக்கிட்டா. நேத்துதான் வீட்டுக்கு வந்தா. பொம்பளப் பிள்ளை. நான் போய்ப் பாத்தேன். முகம் இன்னும் வெளிறித்தான் இருக்கு, ஆனா பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு வெங்காய விலையை விசாரிக்கிறா.

இப்பெல்லாம் தப்பை எழுதுறதோட நிறுத்துறதில்ல. உண்மையா வர்றதையும் விசாரிச்சு உண்மைன்னு எழுதுறேன். ரத்தம் கிடைச்சிருச்சுன்னா, போதும், இதை இனி அனுப்பாதீங்கன்னும் எழுதச் சொல்றேன். மருது தம்பியை எழுத வச்சிட்டேன்.

ஏன்னு கேட்டதுக்கு வாரேன். பெருசா ஒண்ணுமில்லண்ணே. ரோட்டுல கல்லு கிடந்தா, பின்னால வர்ற வண்டி யாரு வண்டின்னு தெரியாமத்தான் எடுத்து ஓரமாப் போடுறோம். அப்படித்தான். கொஞ்சம் வீம்பும் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். தப்பா ஒண்ணு கண்ணுல பட்டா எனக்குக் கை சும்மா இருக்காது. இன்னொண்ணு, நான் எழுதுனா நாலு பேரு தனியா வந்து, "நானும் நெனச்சேன், சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு" ம்பாங்க. அடுத்த தடவை அதுல ஒருத்தராவது எழுதுறாங்க. உங்க பெற்றோர் குரூப்புல எழுதுன தமிழ்வாணி மாதிரி. அவங்களை எனக்கும் தெரியாது.

பாக்கியம் அண்ணியை விசாரிச்சதாச் சொல்லுங்க.

தங்கச்சி,
சுபலட்சுமி


பரவை
12 அக்டோபர் 2025

அன்புத் தங்கை சுபலட்சுமிக்கு,

எப்படிப் பிடித்தேன் என்று கேட்டிருந்தாய். நீ, வா, போ என்று எழுதுகிறேன். போனில் அன்றைக்கு அப்படித்தான் வந்தது.

நீ முதல் ரெண்டு தடவை கூப்பிட்டபோது உன் பெயர் தெரிந்தது. எதிரே ஒரு பெற்றோர் உட்கார்ந்திருந்ததால் எடுக்கவில்லை. மூன்றாம் முறை, கடிதம் எழுதுகிற பெண் இப்படி விடாமல் கூப்பிட மாட்டாளே என்று எடுத்தேன். நீ விஷயத்தைச் சொல்லி, "உங்களைக் கூப்பிட்டவங்கள்ல யாராவது பக்கத்துல இருக்காங்களாண்ணே" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை எட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட எனக்குள் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டு, திறக்காமல் விட்ட மெசேஜ்களை முதல்முறையாகத் திறந்தேன். எண்ண முடியாது. "சார், நான் ஓ நெகட்டிவ், எப்ப வரணும்?" "குழந்தை எப்படி இருக்கு சார்?" "வண்டி வச்சிருக்கேன், எந்த நேரம்னாலும் கூப்பிடுங்க." சேலம், கோயம்புத்தூர், நாகர்கோவில், எங்கிருந்தெல்லாமோ. மதுரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களாகப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன். "போன மாதம் என் பிள்ளைக்கு ரத்தம் கொடுக்க வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். என் பிள்ளை பிழைத்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது இன்னொரு பெண்ணுக்கு வேண்டும்" என்றேன். எட்டு வருஷப் பழைய செய்தி என்று தெரிந்ததும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. எங்கே வரணும் என்றுதான் கேட்டார்கள். நீ பார்த்த சேற்றுக்கால்காரர் திருவாதவூர் அழகுபாண்டி. நாற்று நடுவதற்காகச் சேற்றில் தொழி உழுதுகொண்டிருந்தவர் டிராக்டரை வயலிலேயே நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். ஜூடு என்ற பையன் மதுரையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவன். மூன்றாமவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. அவசரத்தில் நானும் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அழுதாள். இத்தனை வருஷமும் அந்த போன் அடிக்கும்போதெல்லாம், நம் பிள்ளை சாகப்போகிறாள் என்று யாரோ சொல்வது போலவே தனக்குக் கேட்டது என்றாள். இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அடித்தவர்கள் எல்லோரும் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அடித்தவர்கள்தானே என்றேன். இந்த வார்த்தை என் வாயில் வந்தது உன் கடிதத்தைப் படித்ததால்தான்.

இப்போது எல்லா அழைப்பையும் எடுக்கிறேன். மறுபடியும் எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியாது. எரிச்சல் வராமல் இல்லை. நீ இத்தனை வசவு வாங்கியும் ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசியதை நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் உன் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ஜாய்ஸ் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் ஏதோ புரளியைச் சொன்னபோது, "யாருகிட்டக் கேட்ட, எப்பக் கேட்ட" என்று விசாரித்திருக்கிறாள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பேசவில்லையாம். அத்தை மாதிரி ஆயிட்டேன் என்று சிரிக்கிறாள்.

இன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலைப் பூசை முடித்து வந்து, நான் குளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பாக்கியம் கை வேலையாக இருந்திருக்கிறாள். ஜாய்ஸ் எடுத்துவிட்டாள். இதுவரை அவளை அந்த போனைத் தொட விட்டதில்லை. நான் ஈரத் தலையோடு வெளியே ஓடிவந்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமாங்க, அந்த நம்பர்தான். இல்லங்க, அது பழைய மெசேஜ். அந்தப் பாப்பா நல்லா இருக்கா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படித் தெரியும்னா, நான்தாங்க அது. ஏழாவது படிக்கிறேன்."

அவள் காதிலிருந்து போனை எடுத்து, வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை.

"அப்பா, தாராபுரத்துல இருந்து ஒருத்தரு. அழுகுறாருப்பா. என்ன சொல்லட்டும்?"

அடுப்படியிலிருந்து பாக்கியம்தான் சத்தம் கொடுத்தாள்.

"முதல்ல அவருக்கு நன்றி சொல்லு. அழுது முடிக்கட்டும். அப்புறம், அவரு ரத்தம் என்ன குரூப்புன்னு கேட்டு எழுதி வை."

அண்ணன்,
ராயப்பன்